மடக்க முடியாத படகு

இரண்டு படகுகளில் எதை வாங்குவது என்று என் வீட்டுக்காரர் ஏறக்குறைய ஒரு வருஷம் யோசித்தார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, காபி குடித்த டம்ளரைக் கீழே வைப்பதற்குள் சரி என்று சொன்ன மனிதர் அவர். அப்பேர்ப்பட்டவர் ஒரு ரப்பர் படகுக்கு இத்தனை யோசித்தாரே, உனக்குச் சந்தேகமே வரவில்லையா என்று பிற்பாடு ஆளாளுக்கு என்னைக் கேட்டார்கள். கேட்பவர்களுக்கு என்ன, வாய் இருக்கிறது, கேட்பார்கள். கூடவே இருந்தவள் நான். எனக்குத் தெரியாமல் ஒன்றைச் செய்வது என்று அவர் முடிவு கட்டிவிட்டால் அந்தப் பரமசிவனுக்கே தெரியாது.

அவருக்கு மத்திய அரசில் ஆற்றை அளக்கிற வேலை. தண்ணீருக்கு அடியில் மணல் எங்கே மேடு தட்டியிருக்கிறது, கப்பல் போக எங்கே ஆழம் இருக்கிறது என்று லாஞ்சில் போய்ப் பார்த்து வரைபடத்தில் குறிக்க வேண்டும். விசாகப்பட்டினம், பாட்னா, குவாஹாத்தி என்று சுற்றிவிட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்கு வந்தோம். சால்ட் லேக்கில் குவார்ட்டர்ஸ். டிரான்ஸ்ஃபர்க் குடும்பங்கள் வாழ்கிற தினுசே வேறு. சுவரில் ஒரு ஆணி அடிக்க மாட்டோம். காலி பண்ணும்போது அதற்கும் பதில் சொல்ல வேண்டும். டி.வி. வாங்கினால், அது வந்த அட்டைப்பெட்டியைத் தெர்மோகோலோடு பரணில் ஏற்றிவிடுவோம். மிக்சி வந்த பெட்டி, ஃபேன் வந்த பெட்டி எல்லாம் பத்திரமாக இருக்கும். கட்டில் மடக்குக் கட்டில், மேஜை மடக்கு மேஜை. கரியாஹாட்டில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி, இது மடங்குமா என்பதுதான். மடங்காது என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியே வந்துவிடுவோம்.

அப்படி வாழ்ந்தது எதற்கு? என்றைக்காவது கடைசி லாரி வரும், அது பாளையங்கோட்டைக்குப் போகும் என்பதற்காகத்தான். எனக்கு அது வேதவாக்கு. கல்கத்தாவை எனக்குப் பிடிக்காது என்று இல்லை. ஆனால் ஒரு ஊரில் இருந்தால் அந்த ஊர்ப் பாஷையில் சண்டை போடத் தெரிய வேண்டும். எனக்கு வங்காளத்தில் காய் வாங்கத் தெரியும், நலம் விசாரிக்கத் தெரியும், சண்டை மட்டும் வராது. பாதியில் வார்த்தை தீர்ந்துபோய், ரிக்‌ஷாக்காரரிடம் தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்து, மிச்சத்தை இவரிடம் தமிழில் போட்டுத் தீர்ப்பேன். பாளையங்கோட்டையில் என் தம்பி இருந்தான். தன் வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே ஒரு மாடி போர்ஷன் பார்த்து, வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லியும் வைத்திருந்தான். இவர் ரிட்டயர் ஆனதும் போய் இறங்க வேண்டியதுதான் பாக்கி.

அவருக்கு அந்த எண்ணம் இல்லை. இல்லை என்று வாயைத் திறந்து சொல்லவும் மாட்டார். எங்களுக்கு ஒரே மகள். அவள் கல்கத்தாவிலேயே படித்து, கூடப் படித்த வங்காளிப் பையனைக் கட்டிக்கொண்டு ஜாதவ்பூரில் இருந்தாள். ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டிய நாள் வந்ததும், அவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, மாடியில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார். தற்காலிகம் என்றார். நானும் நம்பி, பாதிச் சாமானைப் பிரிக்காமலே வைத்தேன். அங்கே போய்ச் சேர்ந்த சில வாரத்தில், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ரசம் போதும் என்று சொல்கிற குரலில், ஒரு படகு வாங்கலாம்னு இருக்கேன் என்றார்.

"உங்களுக்குக் கோட்டி பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. லாஞ்ச் பெரியது, கப்பல் போகிற தடத்தை விட்டு விலகாது, ஹூக்ளி ஆற்றின் ஓரத்து ஓடைகளுக்குள் எல்லாம் அது நுழையாது என்றார். அந்த இடங்களை வரைபடத்தில் வெறும் வெள்ளையாகத்தான் விட்டு வைத்திருந்தாராம். ஒரு தடவையாவது சொந்தப் படகில், மேலதிகாரி யாருக்கும் பதில் சொல்லாமல், அங்கெல்லாம் போய்ப் பார்க்க வேண்டுமாம். வேலையில் இருந்த காலமெல்லாம் இந்த ஆசை இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அழுத்தக்காரர் என்று சும்மாவா சொன்னார்கள்.

கிதிர்ப்பூரில், கழித்துப் போட்ட கப்பல்களின் சாமான்களை வாங்கி விற்கிற ஒருவர் ஷெட் வைத்திருந்தார். வெள்ள நிவாரணத்துக்கு ரப்பர் படகு சப்ளை பண்ணுகிறவரும் அவர்தான். அவரிடம் இரண்டு படகுகள் இருந்தன. ஒன்று முழுக்க முழுக்க ரப்பர் துணியாலான மெத்துப் படகு. காற்றை அடைத்தால் படகு, இறக்கினால் ஒரு பெரிய பை. உள்ளே நிற்பதற்குப் பலகைகளைக் கோத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று ஏதோ கப்பலில் ஆபத்துக்கு வைத்திருந்தது. சுற்றிலும் காற்றுக் குழாய்தான், ஆனால் அடிப்பாகம் கெட்டியான பைபர். அது மடங்காது, சுருளாது. ஆற்றங்கரையில் ஒரு இடம் பிடித்து, கயிறு போட்டுக் கட்டி, ஆற்றில் கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற ஏற்ற இறக்கத்துக்குத் தகுந்தபடி கயிற்றை விட்டுப் பிடிக்க ஆள் வைத்து, வருஷக்கணக்கில் அங்கேயே வைத்திருக்க வேண்டும்.

இதற்கு மேல் யாரும் எனக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மடங்குகிற படகு என்றால் பாளையங்கோட்டை. மடங்காத படகு என்றால் கல்கத்தா. நாங்கள் இரண்டு பேரும் ஊரைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டோம். படகைப் பற்றியே பேசினோம்.

மெத்துப் படகு அலையில் நெளியும், காற்று அடித்தால் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும், ஹூக்ளியில் பான் வரும்போது அது தாங்காது என்பார் அவர். பான் என்பது கடலிலிருந்து ஆற்றை எதிர்த்து ஏறி வருகிற பெரிய அலை; அது வருகிற நேரத்தில் படகுக்காரர்கள் எல்லாம் கரையை விட்டு நடு ஆற்றுக்குப் போய்விடுவார்கள். பான் வருகிற அன்றைக்கு நீங்கள் ஏன் ஆற்றுக்குப் போகிறீர்கள், வேறு சோலி இல்லையா என்பேன் நான். மெத்துப் படகை ஒவ்வொரு தடவையும் காலால் பம்பை மிதித்துக் காற்றடைக்க வேண்டும், முழங்காலைப் போட்டு அழுத்திப் பலகை கோக்க வேண்டும், இந்த வயதில் யார் மிதிப்பது என்பார். உடம்புக்கு நல்லதுதானே, தொப்பை குறையும் என்பேன். ஊருக்குக் கொண்டுபோனால் எங்கே விடுவதாம், தாமிரபரணியில் முழங்கால் தண்ணீர்தானே ஓடுகிறது என்று ஒரு தடவை கேட்டார். குறுக்குத்துறையில் விடுங்கள், இடறினால் எழுந்து நடந்து வந்துவிடலாம் என்றேன். சிரித்துவிட்டார்.

மகள் அப்பா கட்சி. அம்மா, மாமாவ விட்டா உனக்கு அங்க யாருமா இருக்கா என்று கேட்பாள். மாப்பிள்ளை நல்ல பையன், வாயைத் திறக்க மாட்டார், ஆனால் கெட்டிப் படகின் மோட்டாரைப் பற்றிப் பேச்சு வந்தால் கண் விரியும். கீழ்வீட்டில் ஒரு வங்காளி அம்மாள் இருந்தார், நாங்கள் மாஷிமா என்று கூப்பிடுவோம். மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் படகு வந்துவிட்டதா என்று கேட்பார். இன்னும் யோசனைதான் என்றால், உங்கள் மெட்ராஸ்காரர்கள் புடவை எடுத்தாலும் இப்படித்தானா என்பார். சேற்றில் ஒரு கால், ஆற்றில் ஒரு கால் என்று நான் அவருக்குப் பழமொழி சொல்லி, அதை வங்காளத்தில் விளக்கி முடிப்பதற்குள் அவர் படி இறங்கிப் போயிருப்பார்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் இவருக்கு ஒரு அசதி வந்தது. படி ஏறினால் நின்று நின்று ஏறினார். வெயிலில் அலைந்தது, சரியாகிவிடும் என்றார். துர்கா பூஜை முடிந்த பிறகு, வாரத்தில் ஒரு நாள், வியாழக்கிழமை, காலையிலேயே கிளம்பிக் கிதிர்ப்பூர் போக ஆரம்பித்தார். ஷெட்டில் உட்கார்ந்து இரண்டு படகையும் ஒப்பிட்டுப் பார்க்கிறாராம். சாயங்காலம் வருவார். வரும்போது முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஊறின மாதிரி, தெளிவாக இருப்பார். காபி குடித்துக்கொண்டே, இன்றைக்கு மெத்துப் படகின் ஒட்டுப் போட்ட இடத்தைப் பார்த்தேன், வெயிலில் அந்தப் பசை விட்டுவிடும் என்று சொல்வார். இன்னொரு வியாழக்கிழமை அந்தப் பசைக்கு ஒன்றும் ஆகாது என்பார். போன வாரம் வேறு சொன்னீர்களே என்றால், போன வாரம் சரியாகப் பார்க்கவில்லை என்பார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் முழுக்கைச் சட்டைதான் போட்டார். கல்கத்தாக் குளிருக்கு எல்லோரும் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு அலைகிற ஊரில், முழுக்கைச் சட்டையை யார் கவனிப்பார்கள்? எனக்கு ஒரு பக்கம் எரிச்சல், ஒரு பக்கம் சந்தோஷம். வியாழக்கிழமை போய் வந்தால் ஆள் இரண்டு நாளைக்கு நன்றாக இருக்கிறாரே, இந்தப் படகுப் பைத்தியம் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது, சவத்தை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வங்காளத்தில் தை மாசியில் வருகிற சரஸ்வதி பூஜைக்குக் கொஞ்ச நாள் கழித்து ஒரு டெம்போ வந்து வாசலில் நின்றது. இரண்டு பேர் ஒரு நீளமான சாம்பல் நிறப் பையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்கள். மெத்துப் படகு. எனக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கை வரவில்லை. கதவோரம் நின்று அவர் முகத்தைப் பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி, மடங்குறதுதான் நமக்குத் தோது என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. ஜெயித்துவிட்டேன். அன்றைக்கே தம்பிக்கு எஸ்.டி.டி. போட்டு, சித்திரை பிறந்ததும் வருகிறோம், அந்த மாடி போர்ஷனுக்கு வெள்ளை அடித்து வை என்று சொன்னேன். மறுநாளே பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்தேன். அவரும் கூட உட்கார்ந்து சணல் கயிற்றை வெட்டிக் கொடுத்தார். ஒவ்வொரு கட்டுக்கும் முடிச்சை இழுத்துப் பார்த்து, பலமா இருக்கு, தாங்கும் என்று சொல்லிக்கொண்டு இருந்தாரே, அந்த மனிதர்.

ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். ஹாலில் மேஜை நாற்காலியை எல்லாம் மடக்கி ஓரமாகச் சாய்த்துவிட்டுப் படகுக்குக் காற்றடைத்தோம். மாப்பிள்ளைதான் வேர்க்க விறுவிறுக்க மிதித்தார். ஒரு தடவை மிதித்துப் பாருங்களேன் என்று இவரைக் கூப்பிட்டதற்கு, நீ மிதி, நான் பார்க்கிறேன் என்றார். படகு பெருத்துக்கொண்டே போய் இரண்டு சுவரையும் தொட்டது. இவர் செருப்பைக் கழற்றிவிட்டு அதற்குள் ஏறி உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். மாஷிமா மேலே வந்து பார்த்துவிட்டு வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். பலகைகளைக் கோத்துப் பூட்டுகிற ஒரு அலுமினியச் சட்டம் பையில் இல்லை, அது இல்லாவிட்டால் தண்ணீரில் பலகை பிரிந்துவிடும் என்று மாப்பிள்ளை சொன்னார். பார்த்துக்கலாம், என்ன அவசரம் என்றார் இவர்.

எனக்கு அவசரம் இருந்தது. சாமான் எதுவும் குறையாமல் ஊர் போய்ச் சேர வேண்டும். அந்த வியாழக்கிழமை இவர் வழக்கம்போலக் கிளம்பினார். படகு வந்தாகிவிட்டதே, இன்னும் அங்கே என்ன என்று கேட்டதற்கு, மோட்டார் பார்க்க வேண்டும் என்றார். அவர் போன பிறகுதான் அந்தச் சட்டத்தை ஞாபகப்படுத்தவில்லையே என்று தோன்றியது. சரி, நாமே போய் வாங்கிக்கொண்டு அவரோடு சேர்ந்து திரும்பலாம் என்று கதவைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன். இரண்டு பஸ் மாறி, விசாரித்து விசாரித்து, பழைய நங்கூரமும் சங்கிலியும் குவிந்து கிடந்த அந்த ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கடைக்காரர் வயதானவர், மரியாதைக்காரர். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, பௌதி, உட்காருங்கள் என்றார். அண்ணியைக் கூப்பிடுகிற வார்த்தை அது. சட்டத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார். எங்கள் வீட்டுக்காரர் எங்கே, ஆற்றுப் பக்கம் போயிருக்கிறாரா என்று கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. மறுபடியும் கேட்டேன். வாரா வாரம் இங்கேதானே வருகிறார் என்றேன்.

சாஹேப் இங்கே வந்ததே மொத்தம் இரண்டு தடவைதான் என்றார். முதல் தடவை போன வருஷம் கோடைக்காலத்தில் வந்து, ஒரு மத்தியானம் முழுக்க அந்தக் கெட்டிப் படகைச் சுற்றிச் சுற்றி வந்தாராம். அடியில் படுத்துப் பார்த்தாராம். இது எனக்குத்தான், துர்கா பூஜை முடிந்ததும் எடுத்துக்கொள்கிறேன் என்றாராம். அப்புறம் ஆளையே காணோம். இப்போது வந்து, கெட்டிப் படகு வேண்டாம், மடங்குகிறதைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாராம். மெலிந்துபோயிருந்தார், நான் கேட்கவில்லை என்றார்.

திரும்பி வந்த வழி எனக்கு ஞாபகம் இல்லை. வீட்டுக்கு வந்து அந்தச் சட்டத்தை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வேறு பெண்பிள்ளை என்று கூட ஒரு நிமிஷம் நினைத்தேன். இந்த வயதில், இந்த மூஞ்சிக்கா என்று நானே அதைத் தள்ளிவிட்டேன். அப்புறம் அந்த முழுக்கைச் சட்டை ஞாபகத்துக்கு வந்தது.

விளக்கேற்றுகிற நேரத்துக்கு வந்தார். முகம் தெளிவாக இருந்தது. காபி கேட்டார், கொடுத்தேன். ஷெட்டில் ஒரு மோட்டார் பார்த்ததாகவும், கொஞ்சம் பழசுதான் என்றாலும் பரவாயில்லை என்றும் சொன்னார். முழுவதும் சொல்லட்டும் என்று விட்டேன். சொல்லி முடித்த பிறகு, சட்டையைக் கழற்றச் சொன்னேன். அவர் மேஜைமேல் இருந்த சட்டத்தைப் பார்த்தார். கழற்றினார். முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதைச் சுற்றியும் மேலேயும் கீழேயும் நாவற்பழக் கறை மாதிரி ஊதா ஊதாவாக இருந்தது.

உடம்பில் ரத்தம் ஊறுவது நின்றுகொண்டு வருகிறதாம். ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தால் வேறு யாருடைய ரத்தத்தையோ ஏற்றி அனுப்புகிறார்களாம். அதைத் தவிர இந்த வயதில் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டாராம். இதெல்லாம் துர்கா பூஜைக்கு முன்பே தெரியும். மகளுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. தண்ணீருக்கு அடியில் இருப்பதைச் சொல்கிற அதே குரலில் எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்ப எதுக்கு அந்தப் படக வாங்கினீக?" என்று கேட்டேன்.

"இத்தன நாள் படகு படகுன்னுட்டு வாங்காம விட்டா நீ கண்டுபிடிச்சிருப்ப" என்றார்.

"அதுக்கு அந்தக் கெட்டிப் படகையே வாங்கித் தொலைச்சிருக்க வேண்டியதுதான?"

"அதத் தூக்க நாலு ஆள் வேணும். எனக்கப்புறம் நீ யாரப் போய்க் கூப்பிடுவ? இதுன்னா சுருட்டி ரயில்ல போட்டுட்டு நீ பாட்டுக்கு ஊருக்குப் போயிரலாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என்னை உட்காரவைத்து, என் கையால் பாத்திரத்தைக் கட்டவைத்து, கயிற்றையும் வெட்டிக் கொடுத்து, என்னை மட்டும் தனியாக ஊருக்கு அனுப்புகிற ஏற்பாட்டை முழுசாக முடித்து வைத்திருக்கிறார் மனிதர். நான் ஜெயித்துவிட்டேன் என்று துள்ளிக்கொண்டு இருந்திருக்கிறேன். யாரைக் கேட்டு முடிவு பண்ணினீர்கள், நான் என்ன நீங்கள் அனுப்பிவைக்கிற பார்சலா என்று கத்தினேன். கீழே மாஷிமாவுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும். அன்றைக்கு எனக்கு வார்த்தை தீரவே இல்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கடைசியில் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டுச் சொன்னேன்.

"நாளைக்குப் போய் இத மாத்துவோம். அந்தக் கெட்டிப் படகுதான் வேணும்."

"ஊருக்குப் போகணும்னியே."

"சவத்த விடுங்க."

மாற்றினோம். கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்காமல் மெத்துப் படகை எடுத்துக்கொண்டார். இவருடைய பழைய ஆபீஸ்காரர்கள் அனுமதி வாங்கிக் கொடுத்து, ஷெட்டுக்குப் பக்கத்துப் படித்துறையிலேயே படகைக் கட்டி வைக்கவும் இடம் பார்த்தார்கள். மகள் அழுதாள், அப்புறம் ரிப்போர்ட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு கல்கத்தாவில் உள்ள டாக்டர்களையும், தெற்கே உள்ள டாக்டர்களையும் கேட்டுப் பார்த்தாள். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். வியாழக்கிழமைகளில் நான் கூடப் போனேன். ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருப்போம்.

படகில் ஒரே ஒரு தடவைதான் போனார். மழைக்காலம் பிறப்பதற்கு முன்னால் ஒரு காலை, ஏற்றம் முழுசாக இருந்து தண்ணீர் மேல் படி வரைக்கும் வந்திருந்த நேரம். இறக்கத்தில் போனால் சேற்றில் இறங்க வேண்டும், அது அவரால் ஆகாது. மாப்பிள்ளை மோட்டாரைப் பிடித்தார், கடைக்காரரின் ஆள் ஒருவர் முன்னால் உட்கார்ந்தார். எனக்குத் தண்ணீர் என்றால் பயம். ஆனாலும் ஏறினேன். இவர் நடுவில், குழாய்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படகு நெளியாமல், வழுக்காமல், நேராகத் தண்ணீரை வெட்டிக்கொண்டு போனது. அவர் சொன்னது அத்தனையும் சரி. அக்கரைப் பக்கம் ஒரு ஓடையின் வாய் தெரிந்தது. அதற்குள் போக வேண்டும் என்றுதான் வந்தது. ஆனால் நடு ஆறு தாண்டுவதற்குள் அவருக்கு முடியவில்லை. உதடு வெளுத்துவிட்டது. போதும், திருப்பு என்றார். இன்னும் கொஞ்ச தூரம்தான் பாபா என்று மாப்பிள்ளை சொல்லிப் பார்த்தார். திருப்பச் சொல்லிவிட்டு, அந்த ஓடை கண்ணை விட்டு மறைகிற வரைக்கும் கழுத்தைத் திருப்பி அதையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் பயத்தில் வழி நெடுக அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஆடி மாதத்தில் ஒரு பெரிய மழை. எங்கள் தெருவில் தொடை அளவு தண்ணீர். அன்றைக்குத்தான் அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆம்புலன்ஸ் தெருமுனையோடு நின்றுவிட்டது. மாப்பிள்ளையும் தெருப் பையன்களும் அவரை பலகை போட்ட ஒரு மூன்று சக்கர சைக்கிள் வேனில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் கூட நடந்தேன். மாஷிமா வாசலில் நின்று, ஐயோ, அந்த ரப்பர்ப் படகு இருந்திருக்கலாமே என்றார். அவர் மனசில் கள்ளம் இல்லை. இருந்திருந்தால் இந்தத் தண்ணீரில் அதுதான் மிதந்திருக்கும், கெட்டிப் படகு கிதிர்ப்பூரில் கட்டிக் கிடந்தது, அதுவும் உண்மைதான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். இரண்டு நாள் இருந்தார். அப்புறம் இல்லை.

துர்கா பூஜைக்கு முன்னால் தம்பி என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தான். தனக்கும் எனக்கும் திரும்புகாலுக்கு ரயிலில் ரிசர்வ் பண்ணிக்கொண்டே வந்திருந்தான். அந்த மாடி போர்ஷனை யாருக்கும் விடாமல் இன்னும் பிடித்து வைத்திருக்கிறேன் என்றான். பாசக்காரன். அவனைக் கிதிர்ப்பூர் படித்துறைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படகைக் காட்டினேன். இறக்க நேரம், படகு சேற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. உள்ளே மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. அவர் சொன்னபடியேதான் ஆனது, அதைத் தூக்கவும் எனக்கு ஆள் இல்லை, வாங்கவும் ஆள் இல்லை. இதை வித்துத் தொலைச்சிட்டு வா என்றான் தம்பி. கடைக்காரரே பார்த்துக்கொள்வார் என்றான். நான் வரவில்லை என்றேன்.

அவன் நம்பவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை. மகளையும் உட்காரவைத்துக்கொண்டு கேட்டான்.

"ஊருக்குப் போகணும், ஊருக்குப் போகணும்னு இத்தன வருஷம் உசுர வாங்கினியே அக்கா. இப்ப உன்ன யாரு பிடிச்சிருக்கா?"

"நான் அவுகளக் கூட்டிட்டுல்லாடா போகணும்னு சொன்னேன்" என்றேன்.

மறுநாள் அவனை ஹவுராவில் கொண்டுபோய் ரயில் ஏற்றிவிட்டேன். பக்கத்து சீட் காலியாக இருந்தது, அதில் தன் பையை வைத்துக்கொண்டான்.